ஸ்லீப் அப்னியாவும் வி.ஏ. க்ளெய்மும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

அமெரிக்க ராணுவம் 2009-ல் தொடங்கிய மாவ்னி திட்டத்தின் (கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவரையும் மொழித் திறமைக்காகப் படையில் சேர்த்த திட்டம்) மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-ல் அது நிறுத்தப்படும் வரை அந்த வழியாகச் சேர்ந்தவர்கள், கிரீன் கார்டோடு சேர்ந்தவர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்து சேர்ந்த பிள்ளைகள் என்று நம் ஆட்கள் பலர் சீருடை போட்டிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகிச் சில வருடம் கழித்து ஸ்லீப் அப்னியா என்று தெரியவரும்போது, அதற்கு வி.ஏ.விடம் (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை) மாத ஈட்டுத்தொகை கோருவது, அதாவது க்ளெய்ம் போடுவது பற்றி எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. உங்கள் க்ளெய்மைக் கையில் எடுக்க வேண்டியவர் வி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்குத்தான் இது.

அப்னியான்னா குறட்டைதானே? இதுக்கெல்லாமா டிசபிலிட்டி குடுப்பாங்க?

குறட்டை வேறு, அப்னியா வேறு. தூக்கத்தில் மூச்சு பத்து விநாடிக்கு மேல் நிற்பது, அல்லது வெகுவாகக் குறைந்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குவது, அது ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை நடக்கிறது என்பதுதான் கணக்கு. அதை ஏ.எச்.ஐ. என்பார்கள். ஐந்துக்கு மேல் போனால் லேசானது, 15-க்கு மேல் நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. தொண்டைத் தசை தளர்ந்து காற்று வழியை அடைப்பது ஒரு வகை, பெரும்பாலோருக்கு இதுதான். மூளையே மூச்சு விடச் சொல்லாமல் விட்டுவிடுவது இன்னொரு வகை.

ஒவ்வொரு தடவை மூச்சு நிற்கும்போதும் உடம்பு அலறியடித்து எழுகிறது, உங்களுக்கு அது நினைவில் இருக்காது. வருடக்கணக்கில் இப்படிப் போனால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், பக்கவாத ஆபத்து கூடும், வண்டி ஓட்டும்போது கண் சொக்கும். க்ளெய்ம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முதலில் சிகிச்சை எடுங்கள்.

எத்தனை சதவீதம் கிடைக்கும்?

நோயின் பாதிப்பைச் சதவீதமாக அளப்பதுதான் ரேட்டிங், வி.ஏ.வின் ரேட்டிங் அட்டவணையில் இதற்கு 6847 என்ற எண். நோய் உறுதியாகியும் அறிகுறி இல்லையென்றால் 0. பகலில் விடாமல் தூக்கம் அழுத்துகிறது என்றால் 30. சீபேப் (முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் மெஷின்) மாதிரி மூச்சுக்கு உதவும் கருவி தேவைப்பட்டால் 50. நாள்பட்ட சுவாசச் செயலிழப்பு, நுரையீரலால் இதயத்தின் வலப்பக்கம் பழுதாவது, தொண்டையில் துளை போட வேண்டிய நிலை, இவற்றுக்கு 100. மேலே சொன்ன ஏ.எச்.ஐ. எண்ணுக்கு இதில் இடமே இல்லை. ஏ.எச்.ஐ. 8 ஆக இருந்து மெஷின் தேவைப்பட்டாலும் 50தான், 60 ஆக இருந்து மெஷின் தேவைப்பட்டாலும் 50தான்.

50 என்றால் தனி ஆளுக்கு 2025 கணக்கில் மாதம் 1,102 டாலர், வரி கிடையாது. மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் இருந்தால் கூடும். வி.ஏ. மருத்துவத்தில் முதல் முன்னுரிமைப் பிரிவும் கிடைக்கும். இவ்வளவு இருப்பதால்தான் இந்த க்ளெய்முக்கு இத்தனை போட்டி, இத்தனை வதந்தி.

எனக்கு மெஷினே குடுத்துட்டாங்க. அப்போ 50 உறுதிதானே?

இல்லை. எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. மெஷின் எத்தனை சதவீதம் என்பதைத்தான் சொல்லும். அந்த நோய்க்கும் உங்கள் பணிக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்லாது. சம்பந்தம் நிரூபணம் ஆகாவிட்டால் எந்த சதவீதமும் இல்லை.

மூன்று விஷயம் வேண்டும். இப்போது நோய் இருக்கிறது என்பதற்கு ஆதாரம். பணிக்காலத்தில் நடந்த ஏதோ ஒன்று, அல்லது வி.ஏ. ஏற்கெனவே பணியால் வந்தது என்று ஒப்புக்கொண்ட வேறொரு நோய். இந்த இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து, அதைத்தான் நெக்சஸ் என்பார்கள். முதல் இரண்டையும் கட்டுக்கட்டாகச் சேர்த்துவிட்டு மூன்றாவதை அம்போவென்று விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த மறுப்புக் கடிதங்கள் பெரும்பாலும் இந்த ஒரு ஓட்டையைத்தான் சுட்டுகின்றன.

எல்லா பேப்பரும் சேர்ந்த அப்புறம் போடலாம்னு இருக்கேன், சரியா?

பேப்பர் சேரட்டும், ஆனால் இன்றைக்கே 'இன்டென்ட் டு ஃபைல்' போட்டுவிடுங்கள், 21-0966 படிவம், ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை. க்ளெய்ம் போடப்போகிறேன் என்ற அறிவிப்பு மட்டும்தான் அது. அதற்குப் பிறகு முழு க்ளெய்மை, அதாவது 21-526இஇஸட் படிவத்தை, ஒரு வருடத்துக்குள் கொடுத்தால் போதும், பணம் அறிவித்த தேதியிலிருந்து கணக்காகும். டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வருடத்துக்குள் க்ளெய்ம் போட்டால் டிஸ்சார்ஜுக்கு மறுநாளிலிருந்தே கிடைக்க வழி உண்டு. இன்னும் பணியில்தான் இருக்கிறீர்கள் என்றால் வெளியே வருவதற்கு 180 முதல் 90 நாள் முன்பாகவே போடலாம்.

சர்வீஸ்ல இருந்தப்போ ஸ்லீப் டெஸ்ட் எடுக்கவே இல்லை. வெளிய வந்து நாலு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சது. முடிஞ்சுதா?

முடியவில்லை, ஆனால் வேலை அதிகம். பணிக்காலத்தில் டெஸ்ட் எடுத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் இப்போதைய நோயை ஸ்லீப் ஸ்டடிதான் உறுதிசெய்ய வேண்டும், டாக்டர் 'அப்னியா போலிருக்கிறது' என்று எழுதினால் வி.ஏ. ஏற்காது. வீட்டில் செய்யும் டெஸ்டும் செல்லும், டாக்டர் பார்த்து முடிவு எழுதியிருக்க வேண்டும்.

பிறகு, அறிகுறி அப்போதே இருந்தது என்று காட்ட வேண்டும். பாரக்ஸில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர், டிப்ளாய்மென்ட்டில் (களப்பணிக்கு அனுப்பப்பட்டபோது) ஒரே கூடாரத்தில் இருந்தவர், அப்போதே கூட இருந்த மனைவி, இவர்கள் 21-10210 படிவத்தில் எழுதலாம். 'அவருக்கு அப்னியா இருந்தது' என்று அவர்கள் எழுதினால் மதிப்பில்லை, நோயின் பெயரைச் சொல்ல அவர்கள் டாக்டர் இல்லை. 'குறட்டை திடீரென்று நிற்கும், கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, அப்புறம் மூச்சுத் திணறி எழுவார், நாங்கள் பல முறை தட்டி எழுப்பியிருக்கிறோம்' என்று கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை, எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதினால் அது ஆதாரம். பணிக்கால மருத்துவ ஏட்டையும் வரவழைத்துப் படியுங்கள். காலைத் தலைவலி, சோர்வு, தூக்கக் குறைவு என்று எங்கேயாவது ஒரு வரி இருக்கும்.

நேரடியா நிரூபிக்க ஒண்ணுமே இல்லை. வேற எந்த நோய் வழியா அப்னியாவை இணைக்கலாம்?

இதைத்தான் செகண்டரி என்கிறார்கள். பணியால் வந்ததாக ஏற்கப்பட்ட ஒரு நோய், அப்னியாவை உண்டாக்கியிருந்தால் அல்லது மோசமாக்கியிருந்தால் போதும், பணிக்காலத்தில் குறட்டை விட்டீர்களா என்ற கேள்வியே எழாது.

அதிகம் வருவது மூக்கு சம்பந்தமானவை. நாள்பட்ட ரைனைட்டிஸ் (மூக்கின் உட்புற அழற்சி), சைனஸ், அடிபட்டு வளைந்த மூக்குத் தண்டு. மூக்கடைத்தால் வாய் வழியாக மூச்சு போகும், தொண்டை இன்னும் சுலபமாக மூடிக்கொள்ளும். ஆஸ்துமாவும் அப்னியாவும் ஒன்றையொன்று கெடுப்பவை. முதுகுவலிக்கு ஓபியாய்டு மாத்திரை நீண்டநாள் எடுத்தவர்களுக்கு நான் முதலில் சொன்ன இரண்டாவது வகை, மூளை சம்பந்தப்பட்ட அப்னியா, வரக்கூடும். தலையில் அடிபட்டவர்களுக்கும் தூக்க மூச்சுக் கோளாறு வருவதுண்டு.

பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன நோய்) வழியாகப் போடுபவர்கள் ஏராளம். இரண்டும் ஒன்றாக இருப்பது மிகச் சகஜம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றாக இருப்பது வேறு, ஒன்று இன்னொன்றை உண்டாக்கியது வேறு. வி.ஏ. பரிசோதகர்கள் பலர் 'அப்னியா உடலமைப்பு சார்ந்தது, மன நோயால் வராது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உங்கள் டாக்டர் உங்கள் விஷயத்தில் வழி என்ன என்று விளக்க வேண்டும். மருந்தால் எடை ஏறியதா, கெட்ட கனவால் முகமூடியைப் பிடுங்கி எறிந்து அப்னியா மோசமாகிறதா, எது என்று சொல்ல வேண்டும்.

வெயிட் போட்டதால வந்ததுன்னு டாக்டர் எழுதிட்டார். கேஸ் போச்சா?

அந்த வரியைப் பார்த்துப் பயந்து நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். உடல் பருமன் வி.ஏ. கணக்கில் தனி நோய் இல்லைதான், அதற்கு ரேட்டிங் கிடையாது. ஆனால் 2017-ல் வி.ஏ.வின் தலைமைச் சட்ட ஆலோசகரே, பருமன் இரண்டு நோய்களுக்கு இடையில் ஒரு படியாக இருக்கலாம் என்று கருத்து எழுதினார். பிறகு வந்த நீதிமன்றத் தீர்ப்புகளும் அதை ஏற்று நடக்கின்றன.

டாக்டர் மூன்றுக்குப் பதில் எழுத வேண்டும். பணியால் வந்த நோய்தான் (முழங்கால், முதுகு, மன அழுத்தம், அதற்கான மருந்து) எடையை ஏற்றியதா அல்லது மோசமாக்கியதா? அந்த எடை அப்னியாவுக்குக் கணிசமான காரணமா? எடை ஏறாமல் இருந்திருந்தால் அப்னியா வந்திருக்காதா? முழங்கால் போன தேதி, ஓட்டம் நின்ற தேதி, அதன் பிறகு வருடாவருடம் ஏடுகளில் பதிவான எடை, இவற்றை வரிசையாக எடுத்துக் கொடுத்தால் டாக்டருக்கு வேலை சுலபம்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒன்று. ஆசியர்களுக்கு முக எலும்பமைப்பு காரணமாகக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே அப்னியா வருவது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். நீங்கள் ஒல்லி, அதனால் அப்னியா இருக்காது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், டெஸ்ட் கேளுங்கள்.

அப்னியாவுக்கு ரேட்டிங் வந்துடுச்சு. இப்போ அதால வந்த வேற நோய்களைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், இப்போது அம்பு எதிர்த் திசையில் போகிறது. உயர் ரத்த அழுத்தம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு, இதய நோய், பக்கவாதம், டைப் 2 சர்க்கரை, காலைத் தலைவலி, மனச்சோர்வு, ஆண்மைக் குறைவு ஆகியவற்றுக்கும் அப்னியாவுக்கும் உள்ள உறவு மருத்துவ உலகில் நன்றாகப் பதிவானது. ஆனாலும் நெக்சஸ் இல்லாமல் தானாக எதுவும் வராது.

ரத்த அழுத்தத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கீழ் எண் பெரும்பாலும் 100 அல்லது அதற்கு மேல், அல்லது மேல் எண் பெரும்பாலும் 160 அல்லது அதற்கு மேல், அல்லது முன்பு கீழ் எண் பெரும்பாலும் 100 அல்லது அதற்கு மேல் இருந்து இப்போது தொடர்ந்து மாத்திரை, இவை இருந்தால்தான் 10. மற்றவர்களுக்கு 0. இருந்தாலும் 0 ரேட்டிங்கை அலட்சியம் செய்யாதீர்கள். நாளைக்கு அதிலிருந்து இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டால் அதை இணைக்கும் பாதை ஏற்கெனவே திறந்திருக்கும்.

பி.பி. எனக்கு அப்னியாவுக்கு முன்னாடியே இருந்தது. அப்படின்னா சேர்க்க முடியாதுல்ல?

அப்னியா அதை உண்டாக்கவில்லை, சரி. மோசமாக்கியதா? நோயை உண்டாக்காமல் அதிகப்படுத்தியிருந்தாலும் ஈடு உண்டு என்று 1995-ல் ஆலன் வழக்கில் நீதிமன்றம் சொன்னது, இப்போது அது விதியிலேயே இருக்கிறது. கூடிய அளவுக்கு மட்டும்தான் ஈடு, அதனால் மோசமாவதற்கு முன் எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும். ஒரு மாத்திரை மூன்று மாத்திரையான கதையை மருந்துச் சீட்டுகளே சொல்லும்.

ஆஸ்துமாவுக்கு 30, அப்னியாவுக்கு 50. மொத்தம் 80 ஆகிடுமா?

ஆகாது, இரண்டு காரணம். முதலாவது, வி.ஏ. கூட்டுவதில்லை, மீதியில் கழிக்கும். நூறில் 50 போனால் மீதி 50, அதில் 30 சதவீதம் 15, ஆக 65, அதை 70 என்று முழுமையாக்குவார்கள்.

இரண்டாவது பலருக்குத் தெரியாது. 6600 முதல் 6817 வரை, 6822 முதல் 6847 வரை உள்ள நுரையீரல் நோய்களை ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது என்று விதி. ஆஸ்துமா 6602, அப்னியா 6847. இரண்டில் முக்கியமானது எதுவோ அதற்கு ஒரே ரேட்டிங், மொத்த நிலைமை கடுமை என்றால் அடுத்த படிக்கு உயர்த்தலாம். ஆக உங்களுக்குப் பெரும்பாலும் 50தான் வரும். ரைனைட்டிஸும் சைனஸும் அந்த எண் வரிசைக்கு வெளியே இருப்பவை, அவற்றைத் தனியாகச் சேர்க்கலாம்.

பிடிஎஸ்டி 70-லயே தூக்கமின்மை எழுதியிருக்கு. அப்னியா கேட்டா ரெண்டு தடவை கேட்ட மாதிரி ஆகாதா?

ஒரே அறிகுறிக்கு இரண்டு முறை பணம் தரக் கூடாது என்ற விதி இருக்கிறது. ஆனால் கெட்ட கனவால் தூக்கம் கலைவது ஒன்று, தொண்டை மூடி மூச்சு நிற்பது வேறொன்று, கருவி தேவைப்படுவது இரண்டாவதற்குத்தான். அதனால் இரண்டும் தனித்தனியாகவே ரேட்டிங் பெறும். மேலே சொன்ன கணக்கில் 70-ம் 50-ம் சேர்ந்தால் 85, அதாவது 90.

பேக்ட் சட்டம் வந்த அப்புறம் அப்னியா தானாவே கிடைக்குமாமே?

கிடைக்காது. பணியில் நச்சுப் புகை போன்றவற்றுக்கு ஆளானவர்களுக்காக 2022 ஆகஸ்ட் 10-ல் கையெழுத்தான அந்தச் சட்டத்தில், பணியால் வந்தவை என்று தானாகவே கருதப்படும் நோய்களின் பட்டியலில் அப்னியா இல்லை. பட்டியலில் இருப்பவை நாள்பட்ட ரைனைட்டிஸ், நாள்பட்ட சைனஸ், பணிக்குப் பிறகு கண்டறியப்பட்ட ஆஸ்துமா போன்றவை. ஈராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ குப்பை எரிக்கும் குழிகளின் புகையில் இருந்தவர் முதலில் ரைனைட்டிஸை அந்த வழியில் வாங்கி, பிறகு அப்னியாவை அதற்குச் செகண்டரியாகப் போடலாம். இரண்டையும் ஒரே க்ளெய்மில் போடவும் தடையில்லை.

நெக்சஸ் லெட்டருக்கு ஒரு கம்பெனி பெரிய தொகை கேக்குறாங்க. கட்டலாமா?

முதலில் உங்கள் ஸ்லீப் டாக்டரையே கேளுங்கள். நல்ல கடிதத்தில் உங்கள் ஏடுகளைப் படித்ததற்கான அடையாளம் இருக்கும், 'குறைந்தது 50 சதவீத வாய்ப்பு' என்ற பொருள் வரும் முடிவு இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ஏன் என்ற விளக்கம் இருக்கும். சாதகமும் பாதகமும் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் உங்களுக்கு, அதனால் அந்த 50 சதவீத வாய்ப்பே போதும். 'இருக்கலாம்', 'வாய்ப்புண்டு' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் ஒரே கடிதம் தரும் இடங்களை மதிப்பீட்டாளர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

டாக்டர் கருத்துக்குக் கட்டணம் வாங்குவது தவறில்லை. ஆனால் முதல் க்ளெய்மைத் தயாரித்துத் தருவதற்குக் கட்டணம் வாங்கச் சட்டம் யாரையும் அனுமதிக்கவில்லை. வரப்போகும் பணத்தில் இத்தனை மாதப் பங்கு என்று கேட்பவரிடமிருந்து விலகி நடங்கள். முன்னாள் படைவீரர் சங்கங்களான டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜியன், பிறகு உங்கள் கவுன்ட்டி அலுவலகம், இங்கெல்லாம் அங்கீகாரம் பெற்றவர்கள் இலவசமாகச் செய்கிறார்கள்.

மெஷினை நடு ராத்திரில கழட்டிடுறேன். தெரிஞ்சா 50 போயிடுமா?

இப்போதைய விதியில் இருக்கும் சொல் 'தேவைப்படுகிறது' என்பதுதான், இத்தனை மணி நேரம் போட வேண்டும் என்று இல்லை. மருத்துவரீதியாகத் தேவை என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும். வாயில் மாட்டும் தாடைக் கருவி, நாக்கு நரம்பைத் தூண்டும் உள்பொருத்து கருவி ஆகியவையும் கணக்கில் வரும். அதற்காகக் கழற்றி வைக்காதீர்கள், முகமூடி பொருந்தவில்லை என்றால் மாற்றித் தருவார்கள், காற்றழுத்தத்தைச் சரிசெய்வார்கள். ஏன் போட முடியவில்லை என்பதை டாக்டர் ஏட்டில் பதியச் சொல்லுங்கள்.

2022 பிப்ரவரியில் வி.ஏ. ஒரு மாற்றத்தை முன்மொழிந்தது. மெஷின் தேவையா என்பதை விட்டு, சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்கும் திட்டம் அது, மெஷினால் நன்றாகத் தூங்குபவருக்கு 0 என்று ஆகும். ஆனால் அட்டவணை மாறியதை மட்டும் வைத்து ஏற்கெனவே உள்ள ரேட்டிங்கைக் குறைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

மறுத்துட்டாங்க. மறுபடி முதல்ல இருந்தா?

ஒரு வருடம் இருக்கிறது, அதற்குள் நகர்ந்தால் பழைய தேதி காப்பாற்றப்படும். நெக்சஸ் இல்லாமல் போயிருந்தால் அதை வாங்கிச் சப்ளிமென்டல் க்ளெய்ம். ஆதாரம் எல்லாம் இருந்தும் அவர்கள் கவனிக்கவில்லை என்றால் ஹையர் லெவல் ரிவ்யூ (மூத்த அதிகாரி மறுபடி பார்ப்பது), அதில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. மூன்றாவது வழி மேல்முறையீட்டு வாரியம், நாள் பிடிக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன் மறுப்புக் கடிதத்தில் 'காரணம்' பகுதியை நிதானமாகப் படியுங்கள், மூன்று விஷயத்தில் எது குறை என்று அதிலேயே எழுதியிருப்பார்கள்.

நான் நேஷனல் கார்ட். மாசம் ஒரு வீக்கெண்ட் டிரில்தான். எனக்கும் உண்டா?

கஷ்டம். வார இறுதி டிரில் காலத்தில் வந்த காயத்துக்கு ஈடு உண்டு, நோய்க்குப் பொதுவாகக் கிடையாது, மாரடைப்பும் பக்கவாதமும் போன்ற சில விலக்குகள் தவிர. அப்னியா நோய் வகை. ஆனால் டிப்ளாய்மென்ட் போயிருந்தால் அந்தக் காலம் முழுப் பணியாகவே கணக்கு. டிரிலில் அடிபட்ட முழங்காலுக்கு ரேட்டிங் இருந்தால், எடை வழியான பாதையும் திறந்தே இருக்கிறது.

சென்னைக்கே திரும்பிட்டேன். இங்கிருந்து போடலாமா?

போடலாம். டிசபிலிட்டிப் பணம் நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் வரும். சென்னை, கோவை, மதுரை என்று எங்கே ஸ்லீப் ஸ்டடி எடுத்தாலும் டாக்டர் கையெழுத்தோடு முழு அறிக்கையை வாங்குங்கள், ஒரு பக்கச் சுருக்கம் போதாது. ரேட்டிங் கிடைத்த நோய்களுக்கு வெளிநாட்டில் ஆகும் சிகிச்சைச் செலவை வி.ஏ.வின் ஃபாரின் மெடிக்கல் புரோகிராம் திருப்பித் தரும். அதில் முன்பே பதிவு செய்துகொண்டு, மெஷின், முகமூடி, ஃபில்டர் வாங்கிய பில்லையெல்லாம் நோயின் பெயர் எழுதி வாங்கி வையுங்கள்.